அண்ணே, எந்த பேண்ட்தான் பெரிசு? கோலாலம்பூர், பினாங்கு ராக் ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்கில் கச்சேரி முடிந்தால் நாங்கள் யாரும் நேராக வீட்டுக்குப் போவதில்லை. மாமாக் கடையில் மூன்று நான்கு மேசைகளை இழுத்துச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவோம். தே தாரிக் வரும், ரொட்டி சானாய் வரும், அதற்குள் வாக்குவாதமும் வந்துவிடும். யார் நன்றாக வாசித்தார்கள், எந்தப் பாட்டை விட்டுவிட்டார்கள், பழைய பாடகரே இருந்திருக்கக் கூடாதா என்று போகும். கொஞ்ச வருடமாக அந்த மேசைக்கு இருபது, இருபத்திரண்டு வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவன். பத்து வருடமாகச் செந்தூலில் குடியிருக்கிறேன். கித்தார் வாசிப்பவன் அல்ல, கேட்பவன். 1989-இல், எனக்குப் பதினான்கு வயதில், என் அத்தான் சர்ச் (Search) என்ற மலாய் ராக் குழுவின் ‘ஃபெனோமினா’ கேசட்டைக் கையில் கொடுத்தார். அன்று பிடித்தது இன்னும் விடவில்லை.

ராக் வெள்ளைக்காரர்களின் இசைதானே? தமிழர்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

முதலில், அது வெள்ளைக்காரர்களிடம் பிறந்த இசையே அல்ல. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸிலிருந்தும் தேவாலயப் பாட்டிலிருந்தும் வந்தது. சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்ற அம்மையார் 1940-களிலேயே மின்கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்திப் பாட்டு பாடியவர். சக் பெர்ரியும் லிட்டில் ரிச்சர்டும் அதற்கு அப்புறம்தான். குயீன் குழுவின் ஃபிரெடி மெர்குரியை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. சான்சிபாரில் பிறந்த பார்சிப் பிள்ளை, மகாராஷ்டிராவில் பஞ்ச்கனி மலையூர்ப் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தவர். பள்ளியிலேயே ஒரு குழு வைத்திருந்தார்.

அப்புறம், நம் ஊருக்கு வாருங்கள். பினாங்கின் ஆலிகேட்ஸ் குழுவை முன்நின்று நடத்தியவர்கள் லோகநாதன் ஆறுமுகமும் டேவிட் ஆறுமுகமும். ஆறுமுகம் வீட்டுப் பிள்ளைகள். 1970-களில் ஹாங்காங் போய் வாசித்துப் பெயர் எடுத்து, திரும்பி வந்து மலாய்ப் பாட்டுகளால் நாட்டையே பாட வைத்தவர்கள். அவர்கள் இசை கடும் ராக் அல்ல, மென்மையானது. ஆனாலும் டிரம்ஸ், பேஸ், கித்தார் என்று ஒரு முழு பேண்ட் மேடையில் நிற்பதும், அதன் முகமாக இரண்டு தமிழர்கள் இருப்பதும் எங்கள் தலைமுறைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். 2007-இல் லோகா இறந்த அன்று என் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இன்னும் இருக்கிறார்கள். நெகிரி செம்பிலான் பேச்சு வழக்கில் புளூஸ் பாடிய புளூஸ் கேங் குழுவில் ஜிம் மாடசாமி. ஏசியாபீட் குழுவை 1979-இல் தொடங்கிய டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் பிரகாசம். ஈப்போவில் பிறந்து, சிங்கப்பூரின் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே உட்கார்ந்து கித்தார் வாசித்துக்கொண்டிருந்த பால் பொன்னுதுரை. அவர் 2012-இல் மறைந்தார். ‘நமக்கு என்ன சம்பந்தம்’ என்று கேட்பவர்களிடம் இந்தப் பெயர்களைத்தான் முதலில் சொல்கிறேன். இந்த வீட்டில் நாம் விருந்தாளிகள் அல்ல.

ராக் கப்பாக் என்று பெரியவர்கள் சொல்வது என்ன?

கப்பாக் என்றால் மலாயில் கோடாலி. 1980-களின் நடுவிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை இங்கே கொடிகட்டிப் பறந்த மலாய் ராக் இசைக்கு அந்தப் பெயர். உச்சக் குரல், நீண்ட கித்தார் தனி வாசிப்பு, இறுக்கமான ஜீன்ஸ், தோளுக்குக் கீழே முடி. ஜொகூர் பாருவில் 1981-இல் தொடங்கிய சர்ச், கோலாலம்பூரில் 1985-இல் தொடங்கிய விங்ஸ், லெஃப்ட்ஹேண்டட், மே, லவ்ஹண்டர்ஸ் ஆகிய குழுக்கள், பெண் குரலில் ராக் ராணி ‘எல்லா’ (Ella). 1998 காமன்வெல்த் விளையாட்டுக்கு ‘எல்லா’ பாடிய பாட்டு இன்னும் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

அந்த முடியால் பெரிய பிரச்சினையும் வந்தது. 1992-இல் நீண்ட முடி வைத்த கலைஞர்கள் ஆர்டிஎம் தொலைக்காட்சியில் தோன்றக் கூடாது என்று ஆனது. சர்ச் பாடகர் ஏமியும் விங்ஸ் பாடகர் அவீயும் முடியை வெட்டிக்கொண்டார்கள். அதை ஒரு நிகழ்ச்சியாகவே காட்டினார்கள். எங்கள் தெருவில் அன்று ஓர் இழவு வீட்டு அமைதி. என் அத்தானுக்கும் தோள்வரை முடி. அவர் அதற்கு அப்புறம் ஆறு மாதம் முடிவெட்டும் கடைப்பக்கமே போகவில்லை.

சர்ச்சா, விங்ஸா?

சர்ச். நான் பதில் சொல்லத் தயங்காத ஒரே கேள்வி இதுதான்.

ஏமியின் குரல் மேலே போகும்போது உடைவதில்லை, கூராகிறது. ஹில்லாரி ஆங் வாசித்த கித்தாரில் ஒவ்வொரு வரியும் தனியாகப் பாடிக் காட்டக்கூடிய மெட்டாக இருக்கும். மலாய்ப் பாடகர், சீனக் கித்தார் கலைஞர், கீழே நின்று வாய்விட்டுப் பாடுகிற தமிழ்க் கூட்டம். அந்தக் காலத்தில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை, சும்மா நடந்தது. கிள்ளானில் லாரி ஓட்டும் என் நண்பர் விங்ஸ் பக்கம். தாளக்கட்டு என்று எடுத்தால் விங்ஸுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை என்பார். அதில் அவர் சொல்வது சரிதான், ஒத்துக்கொள்கிறேன்.

அப்படியென்றால் உலகத்திலேயே சிறந்த பேண்ட் எது?

இதற்கு ஒரு பெயர் சொன்னால் மேசை கவிழ்ந்துவிடும். நான் எப்படி முடிவு செய்கிறேன் என்பதை வேண்டுமானால் சொல்லலாம்.

ஒலிப்பதிவை வைத்து முடிவு செய்வதில்லை. பதிவுக்கூடத்தில் ஒரு வரியை நாற்பது முறை பாடி நல்லதை எடுத்து ஒட்டலாம். மேடையில் ஒரே முறைதான். ஒரு தந்தி அறுந்து போகும், பாடகருக்குத் தொண்டை கட்டியிருக்கும், மானிட்டர் ஸ்பீக்கர் திடீரென்று ஊமையாகும். அந்த நேரத்தில் டிரம்ஸ் வாசிப்பவரைப் பாருங்கள். அவர் தலையைத் தூக்கி மற்றவர்கள் முகத்தைப் பார்த்து, இன்னும் நாலு சுற்று தாளத்தை நீட்டி, எல்லாரையும் ஒன்றாகக் கரை சேர்த்துவிட்டால் அது பேண்ட். நாலு பேர் தனித்தனியாக வாசித்துக்கொண்டே போனால் அது நாலு பேர்தான், எத்தனை கோடி முறை கேட்கப்பட்ட பாட்டாக இருந்தாலும். எனக்கு மிகவும் பிடித்த பேண்டுகளில் பாதியை நேரில் பார்க்கும்வரை நான் சட்டை செய்ததில்லை. ஆகவே ‘எது சிறந்தது’ என்று என்னிடம் கேட்பவர்களை நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். இதுவரை யாரை நேரில் பார்த்திருக்கிறீர்கள்?

பழைய பேண்டுகளில் யாரிடமிருந்து தொடங்குவது?

பிளாக் சப்பாத். 1970-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் தொடங்குங்கள். காரணம் கொஞ்சம் நீளம்.

கித்தார் வாசித்த டோனி ஐயோமி, பர்மிங்காம் நகரில் தகரப் பட்டறையில் வேலை செய்த பதினேழு வயதுப் பையன். வேலையின் கடைசி நாளில் மெஷின் அவன் வலது கையில் இரண்டு விரல் நுனிகளை எடுத்துவிட்டது. அவன் இடதுகைப் பழக்கம் உள்ளவன், அதனால் தந்தியை அழுத்துவதே அந்த வலது கைதான். இனி வாசிக்க முடியாது என்றார்கள். அவன் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குக் குப்பி செய்து மாட்டிக்கொண்டான். மெல்லிய தந்திகளைப் போட்டான். பிற்பாடு தந்தியின் இறுக்கத்தைத் தளர்த்திச் சுருதியையும் கீழே இறக்கினான். அந்தத் தளர்ந்த தந்தியின் கனத்த உறுமலிலிருந்துதான் ஹெவி மெட்டல் என்று இன்று நாம் சொல்லும் வகை முழுவதும் கிளைத்தது.

நான் இந்தக் கதையைக் கேட்டது பிறை ஊரில் ஒரு தொழிற்சாலையில் பிரெஸ் மெஷினில் நின்ற நாட்களில். இரவு ஷிப்டு. பக்கத்தில் நின்ற நண்பர், தகட்டை உள்ளே தள்ளிக் கையை வெளியே இழுக்கும் இடைவெளியில் சொன்னார். மெஷின் இறங்கும், ஒரு வாக்கியம், மெஷின் ஏறும், அடுத்த வாக்கியம். வீட்டுக்குப் போய் அந்த ஆல்பத்தைக் கேட்டபோது அது எனக்குப் பழக்கப்பட்ட சத்தமாகவே இருந்தது. நான் எட்டு மணி நேரம் நின்று கேட்ட அதே தாளம்.

அந்தக் குழுவின் பாடகர் ஓசி ஆஸ்போர்ன் 2025 ஜூலை 5-இல் பிறந்த ஊரிலேயே, வில்லா பார்க் அரங்கில், நாற்காலியில் உட்கார்ந்தபடி கடைசிக் கச்சேரியைப் பாடி முடித்தார். ஜூலை 22-இல் இறந்துபோனார். பதினேழு நாள். அந்தக் காணொளியைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் கண் கலங்குகிறது.

ராக் செத்துவிட்டது என்கிறார்களே? இப்போது ராக் ஸ்டார் என்று யார் இருக்கிறார்கள்?

2025 மே மாதத்தில் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் கோஸ்ட் குழு முதலிடம் பிடித்தது. அதே மாதம் ஸ்லீப் டோக்கனும் முதலிடம் பிடித்தது. இரண்டு பேரும் முகமூடி போட்டு மேடை ஏறுகிறவர்கள். செத்துப்போன இசைக்கு இது நடக்காது.

ஆனால் இப்போதைய ராக் நட்சத்திரம் என்று என்னைக் கேட்டால், நான் கைகாட்டுவது பக்கத்து வீட்டைத்தான். இந்தோனேசியாவின் காரூட்டில், பள்ளியில் சேர்ந்து படித்த மூன்று பெண் பிள்ளைகள் 2014-இல் தொடங்கிய வாய்ஸ் ஆஃப் பாச்செப்ரோட். தலையில் முக்காடு, கையில் மின்கித்தார், வாசிப்பது மெட்டல். பாச்செப்ரோட் என்றால் சுண்டா மொழியில் ‘சளசளவென்று சத்தம் போடுவது’. ஊரில் எவ்வளவோ எதிர்ப்பு வந்தது. 2024-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா மேடையில் நின்றார்கள். நம்மிடமிருந்து கடல் தாண்டி ஒரு எட்டில் இருக்கிற ஊர் பிள்ளைகள். டில்லியின் பிளடிவுட் குழுவையும் கேளுங்கள், டோலும் மெட்டல் கித்தாரும் ஒன்றோடொன்று மோதும்.

லிங்கின் பார்க் புதுப் பாடகியை வைத்துத் தொடர்வது சரியா?

இதில் எங்கள் மேசை இரண்டாகப் பிரிந்துதான் கிடக்கிறது. செஸ்டர் பென்னிங்டன் 2017 ஜூலையில் இறந்தார். 2024 செப்டம்பரில் எமிலி ஆம்ஸ்ட்ராங் புதுப் பாடகி என்று அறிவித்தார்கள். செஸ்டரின் குரலோடு பதின்ம வயதைக் கடந்தவர்களுக்கு அது வலிக்கத்தான் செய்யும். எனக்கும் வலித்தது. 2003-இல் பினாங்கிலிருந்து பஸ் பிடித்து, புடுராயாவில் இறங்கி, மெர்டேக்கா அரங்கத்துக்கு நடந்தே போய் அவரைப் பார்த்தவன் நான். அவர் கத்தும்போது கழுத்து நரம்பு புடைத்து நிற்பது பெரிய திரையில் தெரிந்தது. அந்தக் குரலுக்கு மாற்று கிடையாது.

ஆனாலும் தொடரட்டும் என்றே சொல்வேன். ஏசி/டிசி பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். ஐந்தே மாதத்தில் பிரையன் ஜான்சன் குரலில் புது ஆல்பம் வந்தது. அது உலகத்திலேயே மிக அதிகமாக விற்ற ஆல்பங்களில் ஒன்று. எமிலி, செஸ்டர் மாதிரி பாட முயலவில்லை. தன் குரலில் பாடுகிறார். எனக்கு அது போதும்.

கோல்ட்பிளே ராக்கா?

ராக்தான். 2023 நவம்பர் 22-இல் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில், கையில் மின்னும் வளையத்தோடு அத்தனை ஆயிரம் பேர் பாடியதை நேரில் பார்த்தேன். கித்தார் சத்தம் கம்மி என்பதற்காக அவர்களைத் தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

தமிழில் ராக் உண்டா?

உண்டு, ஆனால் போதாது. சென்னையில் 2018 ஜனவரியில் முதல் கச்சேரி நடத்திய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒரே மேடையில் நிறுத்தி, சாதியைப் பற்றி நேருக்கு நேர் பாடியது. பெங்களூரின் அகம், கர்நாடக சங்கீதத்தை ராக் கித்தாரோடு சேர்க்கிறது. ஏ. ஆர். ரகுமான்கூட சினிமாவுக்கு முன்னால் சென்னையில் நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவில் இருந்தவர். நமக்கு மிகப் பக்கத்தில், சிங்கப்பூரில், 1992-இல் தொடங்கிய ருத்ரா. வேத, உபநிடதக் கருத்துகளை டெத் மெட்டலில் பாடும் குழு, வேதிக் மெட்டல் என்ற பெயருக்கே சொந்தக்காரர்கள். பாடுபவர் கதிரேசன், நம் ஆள். வரிகள் பெரும்பாலும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும்.

மலேசியத் தமிழில் இந்த இடத்தை ஹிப்ஹாப் எடுத்துக்கொண்டது. 2006-இல் யோகி பி அண்ட் நட்சத்ராவின் ‘வல்லவன்’ வந்த பிறகு, மைக் பிடித்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் ராப் பக்கம் போனார்கள். அது நல்லதுதான். ஆனால் தமிழ் ராக்குக்கு ஒத்துவராத மொழி என்று ஒரு பேச்சு சுற்றுகிறதே, அதை நான் ஏற்கவே மாட்டேன். ‘வெட்டு’, ‘முட்டு’, ‘கொக்கரி’, ‘சுற்று’ என்று சொல்லிப் பாருங்கள். அந்த வல்லின இரட்டிப்பு ஸ்நேர் டிரம் அடியோடு அப்படியே பொருந்தி விழும். நெடிலை இழுத்தால் உச்சக் குரலுக்கு வேண்டிய இடம் தானாகக் கிடைக்கும். மொழி தயாராக இருக்கிறது. பிபிஆர் என்ற அரசு மலிவுவிலை அடுக்குமாடி வீட்டைப் பற்றி, விற்றுவிட்ட தோட்டத்தைப் பற்றி, ஷிப்டு வேலையைப் பற்றி எழுதி வாசிக்க நாலு பேர் சேர வேண்டும், அவ்வளவுதான். சேர்ந்தால் முதல் வரிசையில் நான் நிற்பேன்.

வீட்டில் ‘இது என்ன சத்தம்’ என்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

தைப்பூசத்தை ஞாபகப்படுத்துங்கள். பத்துமலைப் படிக்கட்டின் அடியிலோ பினாங்கு தண்ணீர்மலைப் பாதையிலோ ஓர் உறுமி மேளக் குழுவுக்குப் பக்கத்தில் நின்றிருப்பார்கள். உறுமியின் வளைந்த குச்சி தோலில் தேய்ந்து போகும்போது ‘ம்ம்ம்ங்’ என்று ஒரு முனகல் எழும்பும். அது காதில் விழுவதற்கு முன்னால் நெஞ்செலும்பில் இறங்கும். பத்துப் பதினைந்து பேர் ஒரே தாளத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள், ஒரு கட்டத்தில் கூட்டத்தில் யாருக்கோ அருள் வரும். பேஸ் கித்தாரின் உறுமலும் டிரம்ஸின் ஏற்றமும் அதே வேலையைத்தான் செய்கின்றன. நான் என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘அது சாமிக்கு. இது யாருக்கு?’ என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இல்லை. ஆனால் அதற்கு அப்புறம் அவர் ‘சத்தம்’ என்று சொன்னதே இல்லை.

பெரிய பேண்டுகள் ஏன் சிங்கப்பூர், ஜகார்த்தாவோடு நின்றுவிடுகின்றன?

பணமும் தேதியும்தான் பெரும்பாலும். கோல்ட்பிளே இங்கே ஓர் இரவு, 2024 ஜனவரியில் சிங்கப்பூரில் ஆறு இரவு. அதோடு அனுமதி விஷயம். வெளிநாட்டுக் கலைஞர் யார் வந்தாலும் புஸ்பால் குழுவின் அனுமதி வேண்டும். 2013-இல் மெட்டாலிக்கா மெர்டேக்கா அரங்கில் வாசித்துவிட்டுப் போன அடுத்த மாதமே லேம்ப் ஆஃப் காட் குழுவுக்கு அனுமதி கிடைக்காமல் கச்சேரி நின்றது.

2023 ஜூலை 21-இல் செப்பாங்கில் நடந்த குட் வைப்ஸ் விழாவைப் பற்றியும் கேட்பார்கள். தி 1975 குழுவின் பாடகர் மேடையில் நாட்டின் சட்டங்களைத் திட்டி, சக கலைஞரை முத்தமிட்டார். விழாவின் மீதி இரண்டு நாளும் ரத்து. அதற்கு அப்புறம்தான் தேவைப்பட்டால் மேடையின் மின்சாரத்தையே நிறுத்தும் ஏற்பாடு வேண்டும் என்ற பேச்சு வந்தது. சரி தவறு பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. என் மனதில் நிற்பது அடுத்த இரண்டு நாள் பட்டியலில் இருந்த உள்ளூர் பேண்டுகள். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தவர்கள். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எந்த அரங்கில் சத்தம் நன்றாக இருக்கும்?

ஸெப் கோலாலம்பூர். பழைய புடு சிறைச்சாலை நின்ற இடத்தில் எழும்பிய வளாகத்தில், 2022-இல் திறந்த ஜப்பானிய அரங்கு. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான் கொள்ளும். இசைக்கென்றே கட்டியதால் பேஸ் சத்தம் குழம்பாமல் வரும். ஹாங் துவா நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும்.

ஆக்சியாத்தா அரேனா என்று நாம் பழகிய உள்ளரங்கு பரவாயில்லை, பக்கவாட்டு இருக்கைகளில் எதிரொலி இருக்கும். தேசிய அரங்கு விளையாட்டுக்குக் கட்டியது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து நூறு மீட்டர் பின்னால் இருந்தால், திரையில் குச்சி டிரம்மில் பட்டு, அதற்குப் பின்தான் சத்தம் வந்து சேரும். நடுவில் உயரமாகத் தூண் போல ஸ்பீக்கர்கள் நிறுத்துவது பின்னால் இருப்பவர்களுக்கும் சத்தம் தேயாமல் தெளிவாகச் சேரத்தான். டிக்கெட் எடுக்கும்போது அந்தத் தூண்களுக்குக் கொஞ்சம் முன்னாலேயோ, ஒலிப்பொறியாளர் மேசைக்குப் பக்கத்திலேயோ இடம் பாருங்கள். அவர் காதுக்கு எது நன்றாகக் கேட்கிறதோ அதைத்தான் அவர் எல்லாருக்கும் அனுப்புகிறார்.

மெர்டேக்கா அரங்குக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. 1957-இல் சுதந்திரம் அறிவித்த இடத்தில் நின்று பாட்டுக் கேட்பது வேறு அனுபவம்.

காதுக்கு ஒன்றும் ஆகாதா?

ஆகும். கட்டாயம் காதடைப்பான் போடுங்கள். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்கு வந்தால் கால் மணி நேரம்தான். ராக் கச்சேரி அதைச் சாதாரணமாகத் தாண்டும். இருபத்தாறு வயதில் ஒரு சின்ன ஹாலில் ஸ்பீக்கருக்கு இரண்டடி தள்ளி நின்றேன். மூன்று நாள் காதில் ‘கீ’ என்று ஒரே சத்தம். அது அடங்கிய பிறகும் இடது காது பழையபடி ஆகவில்லை. பண்டிகை வீட்டில் பத்துப் பேர் ஒன்றாகப் பேசினால் இன்று எனக்குப் பாதி விளங்குவதில்லை. இசைக்காரர்கள் போடும் வகைக் காதடைப்பான் பாட்டைக் கெடுக்காது, அளவைத்தான் குறைக்கும்.

பெண் பிள்ளை மோஷ் பிட்டுக்குப் போகலாமா?

என் அக்காள் மகள் போகிறாள். நடு வட்டத்தில் முட்டி மோதுவது பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் ஒருவர் விழுந்தால் சுற்றி இருக்கிற அத்தனை பேரும் கையைக் கொடுத்துத் தூக்குவார்கள், அதுதான் அங்கே முதல் சட்டம். மூடிய காலணி போடுங்கள், சங்கிலி, தோடு வேண்டாம், போனை உள் பையில் வையுங்கள். கை எல்லை மீறுகிறவன் எவனாவது இருந்தால் சத்தம் போட்டு ஆளைக் காட்டுங்கள். நல்ல கூட்டம் அவனை வெளியே தள்ளிவிடும். கூட்டம் சும்மா நின்றால், அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

கையில் காசு இல்லை. என்ன செய்வது?

சின்ன கிக்குகளுக்கு, அதாவது சிறிய கச்சேரிகளுக்குப் போங்கள். பெரிய அரங்கில் ஒரு டிக்கெட் விலைக்கு ஒரு வருடம் முழுக்கச் சின்ன மேடைகளைப் பார்க்கலாம். அம்பாங்கில் ருமா அப்பி என்று பங்க் பிள்ளைகளே நடத்திய இடம் ஒன்று இருந்தது. 2015 ஆகஸ்டில் போலீஸ் சோதனை போட்டு 150-க்கும் மேற்பட்டோரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்கு அப்புறமும் இந்தப் பிள்ளைகள் ஓய்ந்துவிடவில்லை. கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, ஜார்ஜ்டவுன் எங்கும் கடைவீட்டு மாடிகளில் வாரக் கடைசியில் யாராவது வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஹுஜான், பங்க்ஃபேஸ் பேண்டுகள் எல்லாம் அப்படிப்பட்ட மாடிகளில் நின்று வளர்ந்தவர்கள்தான். வாசலில் டி-சட்டை விற்றால் ஒன்று வாங்குங்கள். அன்றைக்கு அவர்கள் பெட்ரோலுக்கு அது ஆகும்.

பினாங்கிலிருந்து புக்கிட் ஜாலில் எப்படி வருவது? கூட யாரும் வரவில்லை என்றால்?

தீவில் இருந்தால் சுங்கை நிபோங், பட்டர்வொர்த் பக்கம் என்றால் பினாங்கு சென்ட்ரல். இரண்டிலிருந்தும் கோலாலம்பூரின் டிபிஎஸ் பஸ் முனையத்துக்கு பஸ் இருக்கிறது, ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டிபிஎஸ்ஸை ஒட்டியே பண்டார் தாசேக் செலாத்தான் எல்ஆர்டி நிலையம். அங்கிருந்து புக்கிட் ஜாலில் இரண்டாவது நிலையம். பலர் இது தெரியாமல் கேஎல் சென்ட்ரல் போய்ச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். திரும்புவதற்கு நள்ளிரவு பஸ்ஸை நம்பாதீர்கள், கூட்டம் கலைந்து ரயில் ஏறவே நேரமாகும். விடிகாலை பஸ்ஸுக்கு எடுங்கள்.

தனியாகத் தாராளமாக வரலாம். 2013-இல் மெட்டாலிக்காவுக்கு நான் தனியாகத்தான் வந்தேன். அப்போது பட்டர்வொர்த்தில் இருந்தேன். நள்ளிரவு பஸ்ஸைத் தவறவிட்டு டிபிஎஸ் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, அதே கறுப்புச் சட்டை போட்ட மூன்று பையன்கள் எதிரில் வந்து விழுந்தார்கள். சுங்கைப்பட்டாணிப் பிள்ளைகள், அவர்களும் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள். ஒருவன் கையில் காலி மினரல் தண்ணீர் பாட்டில், அதைத் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘அண்ணே, உங்களுக்குப் பிடிச்ச மெட்டாலிக்கா 1991 கறுப்பு அட்டை ஆல்பத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?’ என்றான். முன்னால் என்றேன். மற்ற இரண்டு பேரும் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள், அவன் மட்டும் எதிரிலேயே இருந்தான். முதல் பஸ் வரும்வரை பேச்சு ஓயவில்லை. பஸ்ஸில் ஏறியும் ஓயவில்லை. கோப்பெங் தாண்டும்போது மூன்று பேரும் தூங்கிப்போனார்கள், பாட்டில் மட்டும் அவன் கையிலேயே இருந்தது.